சொல்லும் பொறுப்பும்: முதலீடு பற்றிய கூற்றுக்களைச் சட்டம் நோக்குமாறு

சொல்லை ஆராய்ந்து சொல்லுக என்பது தமிழ் மக்களுக்குப் புதிய அறிவுரை அன்று. திருவள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரமும், பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும், சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். அறநூல் சொல்லுவோனை அவன் மனச்சான்றின் முன் நிறுத்துகின்றது. சட்டநூலோ அச்சொல்லை நம்பிப் பொருளிழந்தவனையும் உடன் அழைத்துவந்து, இருவரையும் நீதிபதியின் முன் நிறுத்துகின்றது. ஒருவன் கூறியதை நம்பி மற்றொருவன் தன் பணத்தை ஒரு முயற்சியில் இட்டு இழப்பானாயின், கூறியவன் அவ்விழப்பை ஈடுசெய்யக் கடமைப்பட்டவனா? ‘இதற்கு நான் பொறுப்பல்லேன்’ என்று முன்னரே சொல்லிவைத்தால் அவன் தப்புவானா? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைநாட்டினராகிய நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுக்கல்வி அன்று. தேயிலைத் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற ஆசைவார்த்தையை நம்பி நம் முன்னோர் கடல் கடந்தனர் என்பது தோட்டங்கள்தோறும் வழங்கும் வாய்வழிச் செய்தி. அவ்வார்த்தையைக் கூறியோர் எந்த நீதிமன்றத்திலும் விடைகூறவில்லை. வந்தபின் அவர்களைக் கடனாற் பிணித்த ‘துண்டு’ என்னுஞ் சீட்டுமுறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வாய்ச்சொல்லும் தாட்டுண்டும் ஒரு குடும்பத்தின் வாழ்வை எவ்வாறு மாற்றவல்லன என்பதை நம்மவர் பட்டறிந்தவர்.

இன்று நிலை வேறு. ஆயினும் இடர் முற்றாக நீங்கிற்றில்லை. தோட்டத்திலே முப்பது நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த தாய் ஒருத்தி ஓய்வுபெறும்போது, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியும், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் உரிய பணிக்கொடையும் அவள் கைக்கு ஒருசேர வருகின்றன. வாழ்நாளிலே அவள் ஒருமுறை மட்டும் காணும் பெருந்தொகை அதுவேயாகும். அந்நாட்களில் அவளைத் தேடி வருவோர் பலர். ‘இதிற் போட்டால் மாதந்தோறும் இவ்வளவு கிடைக்கும்’ என்பர். அவள் எழுத்தறிந்த ஒருவரிடம் பத்திரத்தைக் கொண்டுசென்று, ‘சேர், இதுல போடலாமா, பாத்துச் சொல்லுங்க’ என்று கேட்கின்றாள். இவ்வாறு கேட்கப்படுவோர் பெரும்பாலும் இம்மலரைப் படிக்கும் ஆசிரியரும் பழைய மாணவருமே. ஆதலின் இவ்வினா பிறரைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியதாகும்.

பங்குச்சந்தையும் நமக்கு அந்நியமானதன்று. இலங்கையிற் பங்கு வாணிகம் 1896இற் கொழும்புப் பங்குத் தரகர் சங்கம் அமைந்ததோடு ஒழுங்குபெற்றது. அக்காலத்தில் அது தோட்டக் கம்பனிகளுக்கு மூலதனம் திரட்டுதலையே பெரிதும் நோக்காகக் கொண்டிருந்தது. 1992இற் பிராந்தியத் தோட்டக் கம்பனிகள் அமைக்கப்பட்டன. பின்னர் அவற்றின் பெரும்பான்மைப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டபோது, 10 வீதப் பங்குகள் ஊழியருக்கு இலவசமாக வழங்கப்பட்டன. தலவாக்கலையின் பெயரையே தாங்கிய கம்பனி ஒன்றின் பங்குகளும் கொழும்புச் சந்தையில் விலைபேசப்படுகின்றன. எனவே ‘இப்பங்கை விற்கலாமா, வைத்திருக்கலாமா’ என்ற கேள்வி தோட்டத்து வீடுகளிலும் எழக்கூடியதே.

பொய்யும் பிழையும்

ஒருவன் கூறும் உண்மையல்லாத கூற்று மூவகைப்படும். பொய்யென அறிந்தே கூறுவது முதலாவது. உண்மையென நம்பினும், ஆராயவேண்டியதை ஆராயாது கூறுவது இரண்டாவது. தக்கவாறு ஆராய்ந்து கூறியும் பிழையாய் முடிவது மூன்றாவது. முதலாவது வஞ்சனை, இரண்டாவது கவனயீனம், மூன்றாவது எவர்க்கும் நேரக்கூடிய தவறு. வஞ்சனைக்கு நட்டஈடு உண்டென்பதில் எந்நாட்டுச் சட்டத்திலும் ஐயமில்லை. மூன்றாவதற்குப் பொதுவாக நட்டஈடு இல்லை. வழக்குகள் எல்லாம் நடுவிலுள்ள இரண்டாவதைச் சுற்றியே எழுந்தன.

இங்கிலாந்திலே 1889இல் தீர்ப்பான டெரி எதிர் பீக் என்னும் வழக்கை முதலிற் காண்போம். பிளிமத் நகரில் டிராம் வண்டி ஓட்டும் கம்பனி ஒன்று பங்கு விற்பதற்காக வெளியிட்ட விவரணப் பத்திரத்தில், நீராவியால் வண்டி ஓட்டும் உரிமை தனக்கு உண்டென்று கூறிற்று. உண்மையில் அவ்வுரிமைக்கு வாணிகச் சபையின் இசைவு வேண்டியிருந்தது. அவ்விசைவு பின்னர் மறுக்கப்பட்டது. பத்திரத்தை நம்பிப் பங்கு வாங்கிய சேர் ஹென்றி பீக் வழக்குத் தொடுத்தார். பணிப்பாளர்கள் தம் கூற்றை உண்மையென்றே நம்பினர். ஆதலின் அது வஞ்சனையாகாது எனப் பிரபுக்கள் சபை தீர்த்தது. இத்தீர்ப்பு நேர்மையான மடமைக்குக் கேடயமாயிற்று. பாராளுமன்றம் இதனைப் பொறுக்கவில்லை. மறு ஆண்டே, 1890இல், பணிப்பாளர் பொறுப்புச் சட்டத்தை இயற்றி, விவரணப் பத்திரத்தின் பிழைக்கு அவர்கள் ஈடுசெய்யுமாறு விதித்தது. இலங்கையின் 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்திலும் இக்கருத்து இடம்பெற்றுள்ளது.

எனினும் விவரணப் பத்திரமல்லாத பிற கூற்றுக்களின் நிலை நெடுங்காலம் மாறவில்லை. 1951இற் கான்ட்லர் என்பவரின் வழக்கு வந்தது. கணக்காளர் கவனமின்றி ஆயத்தஞ் செய்த கணக்கை நம்பி, அவர் ஒரு வெள்ளீயச் சுரங்கக் கம்பனியில் 2,000 பவுண் இட்டு இழந்தார். மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், கணக்காளருக்கும் அவருக்கும் ஒப்பந்தம் இன்மையால் ஈடில்லை என்றனர். டெனிங் பிரபு ஒருவரே மாறுபட்டார். தம் கணக்கை இன்னார் இன்ன காரியத்துக்காக நம்பப்போகின்றார் என்று அறிந்தே அதனைக் காட்டிய கணக்காளர், அவர்பாற் கவனம் செலுத்தக் கடமைப்பட்டவர் என்பது அவர் கொள்கை. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அத்தனிக்குரலே சட்டமாயிற்று.

ஹெட்லி பேர்ன் வழக்கு

1963ஆம் ஆண்டில் தீர்ப்பான ஹெட்லி பேர்ன் எதிர் ஹெலர் என்னும் வழக்கு, நம் இரு வினாக்களுக்கும் ஒருங்கே விடைகூறுவது. ஹெட்லி பேர்ன் ஒரு விளம்பர நிறுவனம். ஈசிபவர் என்னும் கம்பனிக்காகத் தன் பொறுப்பிற் கடனாக விளம்பரங்களை ஒப்பந்தஞ் செய்யுமுன், அக்கம்பனியின் நிதிநிலையைத் தன் வங்கியின் வாயிலாக, ஈசிபவரின் வங்கியாளரான ஹெலர் நிறுவனத்தாரிடம் விசாரித்தது. ஈசிபவர் தன் வழமையான கடமைகளுக்குத் தகுதியுடையதே என்ற கருத்துப்பட விடை வந்தது. அவ்விடையின் தலைப்பிலே, வங்கிக்கோ அதன் அலுவலருக்கோ பொறுப்பில்லை என்ற வாசகமும் இருந்தது. ஈசிபவர் வீழ்ந்தது; ஹெட்லி பேர்ன் 17,000 பவுணுக்கு மேல் இழந்தது.

பிரபுக்கள் சபை இரண்டு முடிபுகளைக் கூறிற்று. முதலாவது: சிறப்பறிவோ தகுதியோ உடைய ஒருவர், தம் சொல்லை மற்றவர் நம்பி நடப்பார் என்று அறிந்தும் அறியக்கூடியவராயும் இருந்து விடைகூறுவாராயின், ஒப்பந்தமும் ஊதியமும் இல்லாவிடினும் கவனம் என்னும் கடமை அவர்மேல் விழும். இரண்டாவது: பொறுப்பில்லை என்று வெளிப்படையாகக் கூறியே விடைதந்தமையால், ஹெலர் நிறுவனத்தார் அக்கடமையை ஏற்றவராகார். ஆகவே வழக்காடியவர் தோற்றார், கொள்கையோ வென்றது.

அவ்வழக்கில் ரீட் பிரபு கூறிய கருத்தொன்று ஈண்டு நோக்கற்பாலது. ஆலோசனை கேட்கப்பட்டவருக்கு மூன்று வழிகள் உள. வாய்திறவாதிருத்தல் ஒன்று. விடைகூறி, அது பொறுப்பேற்றுச் சொல்வதன்று, அல்லது வேண்டிய ஆராய்ச்சியோடு சொல்வதன்று என்று தெளிவாக்கல் மற்றொன்று. எத்தகைய எல்லையுங் குறியாது விடைகூறல் மூன்றாவது. மூன்றாம் வழியைத் தேர்ந்தவரே பொறுப்பை ஏற்றவராகக் கருதப்படுவர். அன்றியும், நட்பின்பாற்பட்ட உரையாடல்களில் மாந்தர் உறுதிபடப் பேசிவிடுவர் என்பதையும், தொழில்முறையிற் கேட்டிருந்தால் எடுக்கக்கூடிய கவனத்தை அங்கே எடுப்பதில்லை என்பதையும் அவர் நினைவூட்டினார். ஆகவே திருமண வீட்டிலே ‘அந்தப் பங்கு நல்லது’ என்று ஒருவர் சொன்னமையாலேயே வழக்கு எழாது.

பலருக்குப் பொதுவாகச் சொல்வதற்கும், ஒருவருக்கு அவர் நிலையறிந்து சொல்வதற்கும் உள்ள வேறுபாடு 1990இற் கப்பாரோ வழக்கில் தெளிவாயிற்று. ஒரு கம்பனியின் கணக்காய்வறிக்கையை நம்பி அதன் பங்குகளை வாங்கியோர் கணக்காய்வாளர்மேல் வழக்கிட்டனர். அவ்வறிக்கை பங்காளர் கம்பனியை மேற்பார்வை செய்வதற்காக ஆக்கப்பட்டது. சந்தையிற் பங்கு வாங்குவோர் எல்லாரும் நம்புவதற்காக ஆக்கப்பட்டதன்று. எனவே கடமையில்லை எனப் பிரபுக்கள் சபை கூறிற்று. அமெரிக்க மேனீதிமன்றமும் 1985இல் லோ என்பவரின் வழக்கில், பொதுமக்கள் எல்லார்க்கும் ஒரேவகையாக வெளியிடப்படும் நேர்மையான முதலீட்டு இதழை, தனியாள் நிலைக்கேற்ற ஆலோசனையினின்றும் வேறுபடுத்தியது. சொல் எவரை நோக்கிச் சென்றது, எக்காரியத்துக்காகச் சென்றது என்பனவே கடமையை அளக்குங் கோல்கள் என்பது இவற்றால் விளங்கும்.

இலங்கைச் சட்டம்

இனி நம் நாட்டு நிலையை நோக்குவோம். 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் நிலைநிறுத்தப்பட்ட உரோம-ஒல்லாந்தச் சட்டமே தீங்குக்கு ஈடு கோரும் வழக்குகளில் நம் பொதுச்சட்டமாகும். வங்கி, கம்பனி, முதல்வர்-முகவர் தொடர்பு முதலியவற்றிலோ 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளை ஆங்கிலச் சட்டத்தைப் புகுத்தியது. ஆகவே வங்கித் தொழிலைச் சார்ந்து எழும் வினாவுக்கு ஆங்கிலச் சட்டம் விடைதர, அயலார் ஒருவரின் வாய்ச்சொல்லால் எழும் வினா பொதுச்சட்டத்தின் பாற்படும்.

உரோம-ஒல்லாந்தச் சட்டத்தில் அக்குவிலிய வழக்கு எனப்படுவது, பிறருடைய குற்றத்தாற் பொருளிழந்தோனுக்கு ஈடு தருவது. செயல் முறையற்றதாதல், வஞ்சனையோ கவனயீனமோ இருத்தல், பொருளிழப்பு உண்டாதல், அவ்விழப்பு அச்செயலாலேயே விளைந்திருத்தல் ஆகிய நான்கும் நிறுவப்படல் வேண்டும். கவனயீனமான சொல்லாலும் இவ்வழக்கு எழக்கூடும் என்பதைத் தென்னாப்பிரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 1979இல் டிரஸ்ட் வங்கி வழக்கிற் கொள்கையளவில் ஏற்றது. அந்நாட்டுத் தீர்ப்புக்கள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவனவல்ல. ஆயினும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தமையால் மதித்து நோக்கப்படுவன.

வழக்கிட விரும்புவோர் மறக்கலாகாதது காலவெல்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, இழப்புக்கும் தீங்குக்கும் ஈடுகோரும் வழக்கு, உரிமை தோன்றிய நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் தொடுக்கப்படல் வேண்டும். ‘இன்று தருவேன், நாளை தருவேன்’ என்ற சொல்லை நம்பிக் காத்திருந்தே பலர் அவ்வெல்லையைக் கடந்துவிடக்கூடும்.

‘பணம் போனால் நான் பொறுப்பு’ என்று வாயாற் கூறுவதன் பயன் யாது? பிறர் கடனுக்குப் பிணைநிற்கும் வாக்குறுதி எழுத்தில் அமைந்து கையொப்பம் பெற்றாலன்றிச் செல்லாது என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கூறும். ஆகவே கேட்போர் அவ்வாய்ச்சொல்லைப் பிணையாகக் கொள்ளலாகாது. அவ்வுறுதி வஞ்சக எண்ணத்தோடு கூறப்பட்டதாயின், அது தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு கூறும் ஏமாற்றுதலுக்குச் சான்றாகலாம். நட்டத்தை ஈடுசெய்யும் பிணையாக மாறாத சொல், குற்றத்துக்குச் சான்றாக மாறக்கூடும் என்பது கருதத்தக்கது.

பொறுப்பை மறுக்கும் வாசகம்

ஹெட்லி பேர்ன் வழக்கை மேலோட்டமாகப் படித்தோர், பொறுப்பில்லை என்ற ஒரு வரி எல்லாவற்றையுந் துடைத்துவிடும் என்று எண்ணுவர். அவ்வெண்ணம் மூன்று காரணங்களாற் பிழையாகும்.

முதலாவது, வஞ்சனைக்கு முன் அவ்வரி செல்லாது. தன் வஞ்சனைக்குத் தானே விலக்களிக்கும் ஒப்பந்தத்தை உரோம-ஒல்லாந்தச் சட்டம் ஏற்பதில்லை. 1927இல் தென்னாப்பிரிக்காவில் வெல்ஸ் என்பவரின் வழக்கில், விற்பனையாளரின் கூற்றுக்களை நம்பவில்லை என்ற வாசகத்துக்குக் கையொப்பமிட்டவர், வஞ்சனையைக் குற்றஞ்சாட்டாமையால் அவ்வாசகத்தாற் கட்டுண்டார். வஞ்சனை நிறுவப்படுமாயின் அத்தகைய வாசகம் காவாது என்பது அத்தீர்ப்பின் மறுபக்கம்.

இரண்டாவது, சட்டசபை அதன் வன்மையைக் குறைத்துள்ளது. இங்கிலாந்தின் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி, இலங்கை 1997இல் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தை இயற்றியது. கவனயீனத்தால் வரும் பொருளிழப்புக்குப் பொறுப்பை மறுக்கும் நியதியோ அறிவித்தலோ நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராய இது வழிவகுத்தது. அவ்வாராய்ச்சி எவ்வாறு நடைபெறும் என்பதற்கு 1989இல் இங்கிலாந்திலே தீர்ப்பான சிமித் எதிர் புஷ் என்னும் வழக்கு எடுத்துக்காட்டு. எளிய வீடொன்றை வாங்கிய பெண்மணி, கடன் கொடுத்தோர் அமர்த்திய மதிப்பீட்டாளரின் அறிக்கையை நம்பினார். புகைபோக்கியின் அடித்தாங்கல் நீக்கப்பட்டிருந்ததை அவர் கவனித்திலர். அது இடிந்து வீழ்ந்தது. அறிக்கையிற் பொறுப்பு மறுக்கப்பட்டிருந்தும், அம்மறுப்பு நியாயமற்றது எனப் பிரபுக்கள் சபை தள்ளியது. இரு தரப்பினரும் சமவலிமை உடையவரா, வேறிடத்தில் ஆலோசனை பெறுதல் எளிதா, பணி எத்துணைக் கடினமானது, இழப்பைத் தாங்கவல்லவர் யார் என்பன ஆங்கு எழுந்த வினாக்கள். விளம்பர நிறுவனமும் வங்கியும் சமநிலையில் நின்று பேசின. வீடு வாங்கிய பெண்மணி அந்நிலையில் இல்லை. சேமலாப நிதிப் பணத்தோடு நிற்குந் தோட்டத்துத் தாயின் முன் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ சிறிய எழுத்தில் அச்சிட்ட மறுப்பை நீட்டுவோர் இவ்வினாக்களை எண்ணிப்பார்த்தல் நன்று.

மூன்றாவது, சட்டம் நேரே தடுத்த செயலை எவ்வாசகமும் முறையாக்காது. 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டம், பங்கு விலையைப் பொய்க்கூற்றாலும் திரிபுக்கூற்றாலும் அசைப்பதையும், வஞ்சித்துப் பிறரைப் பங்கு வாங்கத் தூண்டுவதையும் குற்றமாக்கியது. தன்னிடமுள்ள பங்கை நல்விலைக்கு விற்கக் கருதி, ‘இது ஏறப்போகிறது’ என்று பொய்ச்செய்தியைப் பரப்புவோன், ‘இது ஆலோசனையன்று’ என்று ஈற்றிற் சேர்ப்பதால் தூயவனாகான். பொதுமக்களிடம் அனுமதிப்பத்திரமின்றி வைப்புப்பணம் ஏற்பதை 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழிற் சட்டம் தடுக்கின்றது. 2008இற் கோல்டன் கீ என்னும் கடனட்டைக் கம்பனி வீழ்ந்து வைப்பாளர் பலர் தவித்ததை நாடு கண்டது. அது மத்திய வங்கியின் அனுமதிபெற்ற நிதிக்கம்பனியாக இருக்கவில்லை. தமிழ்நாட்டிலும் நிதிநிறுவனங்கள் பல வீழ்ந்தபின்னரே, 1997இல் வைப்பாளர் நலன் காக்குந் தனிச்சட்டம் பிறந்தது.

இவற்றுள் நம்மவர் சிறப்பாக அறியவேண்டியது 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்திற் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 83சி பிரிவாகும். புதியோரைச் சேர்ப்பதாலேயே பழையோர்க்கு ஊதியம் வரும் பிரமிட் திட்டங்களை அது தடைசெய்கின்றது. தொடக்கியவர் மட்டுமல்லர், அதனை ஊக்குவிப்போரும் விளம்பரஞ் செய்வோரும் அப்பிரிவுட் படுவர். ஊரறிந்த ஆசிரியர் ஒருவர் தாம் சேர்ந்து, தம்மை நம்பும் பத்துக் குடும்பங்களையும் சேர்த்துவிடுவதாகக் கொள்வோம். அவர் தம்மை ஏமாந்தவருள் ஒருவராகவே கருதலாம். சட்டத்தின் கண்ணில் அவர் ஏமாந்தவரும் ஆவர். ஏமாற்றத்துக்குத் துணைநின்றவரும் ஆவர்.

மறுதலையும் உண்டு

எச்சரிக்கை கூறுவோரும் சொல்லை அளந்தே கூறல் வேண்டும். நல்ல நிறுவனமொன்றை ‘அது முழுகிப்போயிற்று’ என்று ஆதாரமின்றிப் பழித்தால் அவதூறு வழக்கு எழலாம். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது. குடியியல் வழக்கு இன்றும் உண்டு. உண்மையும் பொதுநலமும் அங்கே எதிர்வாதமாகும். ‘இந்நிறுவனம் மத்திய வங்கி வெளியிட்ட அனுமதிபெற்றோர் பட்டியலில் இல்லை’ என்பது சரிபார்க்கத்தக்க உண்மை. ‘இவர்கள் எல்லாரும் கள்வர்’ என்பது சினத்தின் சொல். முன்னையது கேட்போரையுங் காக்கும், கூறுவோரையுங் காக்கும்.

முடிவுரை

வழக்குக்கு அஞ்சி வாய்மூடியிருத்தலே சிறந்ததென ஒருவர் கூறலாம். தலவாக்கலையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் படித்தவர் வாய்மூடினால், அவ்விடத்தை நிரப்புவோர் தரகுக்காக வருவோரே ஆவர். ஆகவே நாம் பேசவேண்டும். ரீட் பிரபு காட்டிய இரண்டாம் வழியிற் பேசவேண்டும். நாம் அறிந்தது இவ்வளவு, ஆராயாதது இவ்வளவு என்று கேட்போரின் மொழியிலேயே பிரித்துச் சொல்லல் வேண்டும். நமக்கு அத்திட்டத்தில் ஊதியமோ தரகோ உண்டாயின் அதனை முதலிற் சொல்லல் வேண்டும். அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை மத்திய வங்கியிடமோ ஆணைக்குழுவிடமோ கேட்டறிய உதவல் வேண்டும். வாக்குறுதி எதுவாயினும் எழுத்திற் பெறுமாறு கூறல் வேண்டும்.

இவ்வாறு கூறும் மறுப்பு, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்காகச் சிறிய எழுத்தில் ஒளித்துவைத்த மறுப்பன்று. கேட்பவர் தம் பணத்தைப் பற்றித் தாமே முடிவுசெய்ய உதவும் உண்மையாகும். நீதிமன்றங்கள் மதிப்பதும் அத்தகைய மறுப்பையே. தாய்மார் பத்திரத்தைக் கையிலேந்தி நம் வாயிலில் நிற்பது, சட்டம் நமக்கு அளித்த பதவியால் அன்று. நாம் பெற்ற கல்வியை அவர்கள் மதிப்பதனாலேயாம். அம்மதிப்புக்கு ஈடாக நாம் கொடுக்கக்கூடியது அளந்த சொல்.